ஏலம் ஏலம் போன கதை

தமிழில் ஏலம் இரண்டு. ஒன்று பாயசத்தில் மிதப்பது. இன்னொன்று நகைக்கடனுக்கு வட்டி கட்டாதவர் வீட்டுக்கு நோட்டீஸாக வருவது. முதல் ஏலம் நம் மலையில் முளைத்தது. இரண்டாவதைப் போர்த்துக்கீசியர்கள் ‘லெய்லாவ்’ என்று கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் ஆட்கள் அதை வாயில் போட்டு நாலு மெல்லு மென்று ‘ஏலம்’ என்று துப்பிவிட்டார்கள். இந்த இரண்டு ஏலமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற ஊர் வண்டன்மேடு.

கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வளைவுகளில் குடலை ஒரு தடவை உதறி மடித்துக்கொண்டு மேலே போனால், இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலைத் தாலுகாவில் இருக்கிறது இந்த ஊர். பக்கத்திலேயே புத்தடி. அங்கேதான் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடம். “இன்னைக்கு ஏலத்துல ஏலம் என்ன வெல போச்சு?” என்று கேட்டால் யாரும் உங்களை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். அடிவாரத்துப் போடிநாயக்கனூரில் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் வரும். வேறு ஊரில் கேட்டால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள்.

வண்டன்மேட்டு டீக்கடையில் நான் ஏலக்காய் டீ கேட்டேன். கடைக்காரர் என்னைச் சந்தைக்கு வந்த புது ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அண்ணே, மூக்குலயே ஏலக்கா இருக்கு. டீல வேற எதுக்கு?” என்றார். பொய் சொல்லவில்லை. காய் உலர்த்தும் ஸ்டோர்கள் ஓடுகிற பருவத்தில் அந்த ஊர்க் காற்றைப் பிடித்து அப்படியே கேசரியில் போடலாம். ஆனால் அவர் பேச்சில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருந்தது. ஏலக்காய் என்ன விலை என்று தெரிந்தவன் அதை டீயில் போட மாட்டான்.

அந்த வெறும் டீயை உறிஞ்சிக்கொண்டே இந்தச் செடியின் பூர்வோத்திரத்தைச் சொல்கிறேன். இரண்டாயிரம் வருஷமாக இதை ஆளாளுக்கு ஏலம் கேட்டிருக்கிறார்கள். புலவர் கேட்டார், வைத்தியர் கேட்டார், டச்சுக்காரர் கேட்டார், ராஜா கேட்டார். ஒவ்வொரு தடவையும் வேலை ஒருத்தர் செய்ய, பேர் இன்னொருத்தருக்குப் போனது.

சரக்கு

ஏலத்தில் முதலில் சரக்கைக் காட்டுவதுதான் முறை. ஏலச்செடி இஞ்சி, மஞ்சள் குடும்பத்தில் பிறந்தது. பத்தடிக்கு மேல்கூட வளர்ந்து நிற்கும். பார்த்தால் தண்டு மாதிரி தெரியும், தண்டு கிடையாது. வாழையைப் போல இலைகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு தண்டாக நடிக்கின்றன. தோட்டத்தில் அதற்குத் ‘தட்டை’ என்று பேர். நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காகப் படுத்திருக்கிறது.

மரியாதையுள்ள செடி என்றால் உச்சியில் பூக்கும். இது காலடியில் பூக்கும். தட்டையின் தூரிலிருந்து சரம் கிளம்பும். அந்தச் சரத்தில் பூவும் காயும் வரும். மலபார் ரகம் என்றால் சரம் தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். மைசூர் ரகத்துக்குக் கொஞ்சம் கௌரவம் உண்டு. சரம் நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்துப் பெற்றுக்கொண்டது வழுக்கை ரகம். அதன் சரம் படுக்கவும் படுக்காது, நிற்கவும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈஸிசேரில் சாய்ந்த மாமனார் மாதிரி பாதி சாய்ந்திருக்கும். மூன்றில் எதுவாக இருந்தாலும் காயெடுக்க வருகிறவர் குனிந்தாக வேண்டும். பத்தடி உயரச் செடியை வைத்துக்கொண்டு மனுஷரைத் தரையில் உட்கார வைக்கிற சாமர்த்தியம் ஏலத்துக்கு மட்டும்தான் உண்டு.

பூ வெள்ளை. உதட்டில் மட்டும் ஊதாக் கோடுகள். அழகுக்குப் போட்டதல்ல, தேன் இந்தப் பக்கம் என்று தேனீக்குப் போட்ட ரோடு. விடியும் முன்பே பூ விரியத் தொடங்கும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுசு. அந்த ஒரு நாளைக்குள் தேனீ வந்து மகரந்தத்தை மாற்றி வைத்துவிட வேண்டும். வராவிட்டால் பூ உதிர்ந்து போகும், காய் கிடையாது. ஆகவே வண்டன்மேட்டின் பேரிலேயே வண்டு இருப்பதை நான் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. ஊர்ப் பேரில் இடம் கேட்க இந்த மலையில் முழுத் தகுதியுள்ள ஜீவன் அது ஒன்றுதான்.

காய்க்குள் மூன்று அறை. மூன்றிலும் சேர்த்துப் பதினைந்து இருபது விதை. வாசனையெல்லாம் விதையில். 5 கிலோ பச்சைக் காயைப் பறித்து, ஸ்டோரில் பக்குவமான சூட்டில் உலர்த்தினால், சுமார் 1 கிலோ காய்ந்த ஏலக்காய் கையில் நிற்கும். மீதி 4 கிலோ ஆவி. மலைமேல் மேகம் என்று நாம் போட்டோ எடுப்பதில் அதுவும் கொஞ்சம் இருக்கும்.

சரக்கு பார்த்தாயிற்றா? கேளுங்கள்.

ஒரு தரம்!

முதல் கேள்வி வைத்தியரிடமிருந்து வந்தது. கூடவே ஒரு புலவரும் வந்தார்.

பதினெண்கீழ்க்கணக்கில் ‘ஏலாதி’ என்று ஒரு நூல் உண்டு. எழுதியவர் கணிமேதாவியார். பாட்டுக்கு ஆறு கருத்து வீதம் நல்ல புத்தி சொல்லிக்கொண்டே போவார். பேரை அவர் வைத்தியர் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஏலாதி என்பது ஆறு சரக்கு சேர்ந்த சூரணம். ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2, நாககேசரம் 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6. கூட்டிப் பாருங்கள்: 21. இருபத்தொன்றில் ஏலத்தின் பங்கு ஒன்றே ஒன்று.

மிளகு காரத்தோடு மல்லுக்கட்டுகிறது. திப்பிலி சளியை விரட்டுகிறது. சுக்கு ஆறு பங்காக நின்று வயிற்றில் கலவரம் அடக்குகிறது. பேர் வைக்கும் நாளில் மட்டும் ஏலம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏலாதி என்றால் ‘ஏலம் முதலியன’ என்று அர்த்தம். அந்த ‘முதலியன’வுக்குள் போய் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் சுக்குதான். கல்யாணப் பத்திரிகையில் செலவெல்லாம் செய்த தாய்மாமனை ‘மற்றும் உற்றார் உறவினர்’ வரிசையில் தள்ளிய மாதிரி. நியாயப்படி அந்த நூலுக்குச் ‘சுக்காதி’ என்று பேர் வந்திருக்க வேண்டும். ஆனால் சுக்கு என்ற சொல்லை வைத்துக்கொண்டு புலவர் சபையில் நுழைய முடியாது போலிருக்கிறது. இதே காலத்துத் ‘திரிகடுக’மும் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றையும் நம்பித்தான் ஓடுகிறது. அங்கேயும் ‘மூன்று காரம்’ என்று பொத்தாம் பொதுவாக முடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் ஏலம் வேலையே செய்யாது என்று நினைக்க வேண்டாம். வாய் நாற்றத்துக்கு மெல்லச் சொன்னார்கள். வாந்தி, விக்கல், வயிற்றுப் பொருமல், இருமல் எல்லாவற்றுக்கும் தட்டிப் போட்டார்கள். ஆயுர்வேதத்தில் ஏலம், பட்டை, பத்திரி மூன்றும் திரிஜாதகம் என்ற பேரில் கூட்டணி கட்டி, கசப்பான லேகியத்துக்குள்ளெல்லாம் புகுந்து வாசனை பூசுகின்றன. மருந்தின் துர்வாசனையை மூடுவதும் மருத்துவத்தில் பாதிதானே!

ஆண்மை விஷயத்தில்தான் ஏலத்தின் நிலை கொஞ்சம் தர்மசங்கடம். நம் ஊர்ப் பெரியவர்கள், “அதிகம் திங்காதடா, ஆம்பளத்தனம் போயிரும்” என்று மிரட்டி வைத்திருக்கிறார்கள். அரபு நாட்டுக்காரரோ அது பெருகும் என்று நம்பிக் காப்பியில் கை நிறையப் போட்டுக் கொதிக்க வைக்கிறார். ஒரே காய், கடலுக்கு இந்தப் பக்கம் பிரம்மச்சாரி, அந்தப் பக்கம் மன்மதன். இடையில் ஏற்றுமதியாளர் மட்டும் இரண்டு பேர் சொல்வதையும் ஒப்புக்கொண்டு சம்பாதிக்கிறார்.

கிரேக்கர்களும் ஏலம் கேட்க வந்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ், செடிகொடிகளைப் பற்றி எழுதிய பெரியவர். கார்டமம் என்ற சரக்கு மீடியா தேசத்திலிருந்து வருகிறது என்று சிலரும், இந்தியாவிலிருந்து வருகிறது என்று சிலரும் சொல்கிறார்கள் என எழுதி வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். அவர் சொன்ன கார்டமம் நம் ஏலக்காய்தானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையில் பிரமாதமாகக் குதித்தவர் கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா. 1563இல் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி ஒரு புத்தகம் அச்சிட்டார். முழுக்க உரையாடல். பேசுகிறவர்கள் இரண்டு பேர்: ஒருவர் ஓர்த்தா, இன்னொருவர் ருவானோ என்ற மருத்துவர். ருவானோ கிரேக்க நூல்களைக் கரைத்துக் குடித்தவர். வாய் திறந்தால் மேற்கோள். ஓர்த்தாவோ நேரில் பார்த்ததைச் சொல்லி அவரை மடக்குவார். இதில் விசேஷம் என்னவென்றால், ருவானோவே ஓர்த்தாவின் கற்பனை. எதிராளியைத் தானே செய்து, தானே பேச வைத்து, தானே ஜெயித்த மனுஷர். ஏலக்காய் விஷயத்திலும் பழைய கிரேக்க ஆசான்களை அப்படித்தான் உட்கார வைத்தார்.

பிறகு வெள்ளைக்காரர் மருந்தகம். பிரிட்டிஷ் மருந்து நூலில் ‘கூட்டு ஏலக்காய் டிஞ்சர்’ என்று ஒன்று ஏறியது. ஏலம், சீமைச் சோம்பு, பட்டை எல்லாம் போட்டுச் சாராயத்தில் ஊற வைப்பது. வயிற்றுப் பொருமலுக்கான மிக்சரில் கலந்து, அளவுக் கோடு ஒட்டிய பாட்டிலில் கொடுப்பார்கள். அந்த அழகான சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கோச்சினீல் என்ற பூச்சியைக் காய வைத்து எடுத்த சாயம். ஏகாதசி விரதம் தவறாத எத்தனை சுத்த சைவர்கள், “டாக்டர் குடுத்த கலர் மருந்து நல்லா கேக்குது” என்று பூச்சியையும் சாராயத்தையும் ஒரே மடக்கில் உள்ளே தள்ளி ஏப்பம் விட்டிருப்பார்கள்! ஏலம் அதில் வழக்கம்போலக் கொஞ்சம்தான். லேபிளில் மட்டும் பேர் பெரிசு.

இப்போது ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால், ஏலக்காய் எண்ணெயில் முக்கியமாக இரண்டு: டெர்பினைல் அசிடேட், சினியோல். இரண்டாவது ஆசாமியை நமக்கு முன்பே தெரியும். ஊட்டித் தைலத்தில் மூக்கைத் திறப்பவர் அவர்தான். பாயசத்துக்கும் நெஞ்சில் தேய்க்கிற தைலத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பதைச் சமையல்காரரிடம் சொல்லி வைக்காதீர்கள்.

ரெண்டு தரம்!

அடுத்தது தாவரவியலாளர். இவர்கள் காசு கேட்கவில்லை. பேரை மட்டும் கேட்டார்கள்.

1670களில் கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்தவர் ஹென்ரிக் வான் ரீடு. மிளகு வாங்கச் சொல்லி அனுப்பிய ஆள் செடி வரைய ஆரம்பித்தார். விளைவு, ‘ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதியாக வந்தது. ஏலம் 11ஆம் தொகுதியில் படத்தோடு இருக்கிறது. அந்தத் தொகுதி வெளிவந்தபோது ரீடு உயிரோடு இல்லை. 1691இல் கப்பலிலேயே காலமாகிவிட்டார்.

இத்தனை செடிகளின் பேரும் குணமும் டச்சுக்காரருக்கு எப்படித் தெரிந்தது? சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், வழிவழியாக வந்த ஏட்டுச்சுவடியைப் பார்த்துச் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இதையெல்லாம் சொன்னது நான்தான் என்று இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20ஆம் தேதி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த வாக்குமூலம் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. வரலாற்றில் இவ்வளவு ஜாக்கிரதையாக ரசீது வாங்கிய வைத்தியரை நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதெல்லாம் லத்தீனுக்குள் போய் மாட்டிக்கொண்டு, கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து 2003இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகுதான் ஊர் திரும்பியது. முந்நூறு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த குடும்பச் சொத்து.

ரீடு புத்தகத்தில் ஏலத்தின் பேர் ‘எலெத்தாரி’. உள்ளூர்க்காரர் சொன்ன ‘ஏலத்தரி’யை டச்சுக் காது அப்படிப் பிடித்தது. அரி என்றால் மலையாளத்தில் அரிசி. ஆக, ஏலத்தரி என்பது நம் சித்த வைத்தியர் சீட்டில் எழுதுகிற ‘ஏலரிசி’யேதான்.

பிறகு லின்னேயஸ் வந்தார். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் ஸ்வீடனில் இருந்தபடி நாமகரணம் செய்த மகான். 1753இல் ஏலத்தை அமோமம் என்ற இனத்தில் சேர்த்துவிட்டார். தப்பான வீட்டில் குழந்தையை விட்டுவிட்ட கதை. இதைச் சரிசெய்ய, பம்பாயில் கம்பெனி மருத்துவராக இருந்த டேவிட் ஒயிட் என்பவர் மலபார் ஏலத்தை நேரில் பார்த்து, பூ எப்படி, காய் எப்படி என்று ஒரு கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1811இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. கூடவே வில்லியம் ஜார்ஜ் மேட்டன் என்ற லண்டன் டாக்டரின் ‘சில கூடுதல் குறிப்புகள்’. அந்தக் குறிப்பில் மேட்டன் பழைய எலெத்தாரியைத் தட்டி எடுத்து ‘எலெட்டாரியா’ என்று தனி இனமாக்கினார். அன்று முதல் இந்தச் செடியின் முழுப்பேர் எலெட்டாரியா கார்டமோமம் மேட்டன்.

கணக்குப் பாருங்கள். முதல் பாதி மலையாளம், அடுத்த பாதி கிரேக்கம், வால் லண்டன் டாக்டர். சுவடி பார்த்துச் சொன்ன அச்சுதன் இல்லை. செடியருகே போய் உட்கார்ந்து பார்த்த ஒயிட்டும் இல்லை. பின்குறிப்பு எழுதியவர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டார். பிரயாணம் முழுக்க நின்றுகொண்டே வந்தவர் இருக்க, கடைசி ஸ்டாப்பில் ஏறியவருக்கு ஜன்னலோர சீட்.

மூணு தரம்!

வைத்தியரும் புலவரும் கேட்டதெல்லாம் வாய்ப்பேச்சு. அதிகாரத்தோடு கேட்டவர் திருவிதாங்கூர் மகாராஜா. ஏலமலையில் விளையும் காய் எல்லாம் சர்க்காருக்கே சேரும், விளைவிப்பவர் சர்க்கார் பண்டகசாலையில்தான் கொண்டுவந்து போட வேண்டும் என்று ஏகபோகம். விளைவித்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலும் போடியிலும் இருந்து மலையேறிப் போன தமிழர்கள். மலையின் இந்தச் சரிவில் இறங்கினால் வெள்ளைக்காரர் ஆளும் மதுரை ஜில்லா. வேட்டி மடிப்புக்குள் எவ்வளவு ஏலக்காய் பிடிக்கும் என்ற ஆராய்ச்சிக்கு அந்தக் காலத்தில் நல்ல எதிர்காலம் இருந்திருக்க வேண்டும். வாசனைதான் காட்டிக்கொடுக்கும். கஞ்சாவைக்கூட மறைக்கலாம், ஏலக்காயை மடியில் வைத்துக்கொண்டு, “நான் சும்மா சாமி கும்பிடப் போறேன்” என்று சொன்னால் காவல்காரர் கும்பிடுவாரா?

சர்க்காருக்கு வந்த காய் மலையை விட்டு இறங்கி ஆலப்புழைத் துறைமுகத்துக்குப் போனது, அங்கிருந்து விற்பனை. அதனால் உலகச் சந்தையில் இந்தக் காயின் பேர் ‘ஆலப்புழைப் பச்சை’. புவிசார் குறியீடுகூட அந்தப் பேரில்தான். ஆலப்புழை கடல் மட்டத்தில் இருக்கிறது. படகும் தென்னையும் கயிறும் உண்டு, ஒரு ஏலத்தட்டை கிடையாது. குளிரில் நனைந்து விளைவித்தது வண்டன்மேடு, பேர் ஆலப்புழைக்கு. கணிமேதாவியாரின் சாபம் இன்னும் விடவில்லை.

ஏலமலையைக் கண்காணிக்கத் திருவிதாங்கூர் ஒரு வெள்ளைக்காரரை சூப்பரின்டெண்டாக வைத்தது. பேர் ஜான் டேனியல் மன்றோ. ஏலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மனுஷருக்குப் பக்கத்து மலைமேல் கண். 1877 ஜூலையில் பூஞ்சாறு ராஜாவைப் பார்த்து, கண்ணன் தேவன் மலைகளை வருஷம் 3,000 ரூபாய் குத்தகைக்கு எழுதி வாங்கிவிட்டார். பிற்பாடு மூணாறு தேயிலை சாம்ராஜ்யம் முளைத்தது அந்தக் காகிதத்திலிருந்துதான். வீட்டுக்குக் காவல் வைத்த ஆள், அடுத்த வீட்டுத் தோட்டத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட மாதிரி.

அந்தக் காலத்துக் காகிதங்களுக்கே ஒரு குணம் இருந்தது. 1886இல் பெரியாற்று அணைக்காக 8,000 ஏக்கரை 999 வருஷத்துக்குக் குத்தகை கொடுத்தார்கள். அதற்கு இன்றைக்கும் வக்கீல் வைத்திருக்கிறோம். அடுத்தது 1897. ஏலமலைக் காட்டைக் காப்புக்காடாக அறிவித்து ஒரு விளம்பரம் வந்தது. எத்தனை ஏக்கர்? வருவாய்த் துறை சொல்வது 15,720. வனத்துறை சொல்வது 2,15,720. மற்ற எண்களில் சண்டையே இல்லை. முன்னால் ஒரு 2 உண்டா, இல்லையா? அவ்வளவுதான் வழக்கு. அந்த ஒற்றை 2க்குள் இரண்டு லட்சம் ஏக்கர் மலை, தோட்டம், ஊர், டீக்கடை எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கு நடந்து நடந்து, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், புதிதாகப் பட்டா எதுவும் கொடுக்கக் கூடாதென்று நிறுத்தி வைத்தது.

வழக்கு முடிகிற வரைக்கும் ஏற்பாடு இப்படி: நிலம் வருவாய்த் துறையுடையது. அதன் மேல் நிற்கிற மரம் வனத்துறையுடையது. மரத்தடி நிழலில் வளர்கிற ஏலம் விவசாயியுடையது. நிழல் யாருடையது என்று இன்னும் யாரும் மனுப் போடவில்லை, சீக்கிரம் போடுவார்கள்.

அந்த நிழல் மரங்களில் பலாவும் அயினியும் இருக்கின்றன. இரண்டும் முசுக்கொட்டைக் குடும்பம். கீறினால் பால் வரும். இந்தக் குடும்பத்தில் மிகவும் படித்த பையன் சீனத்தில் இருக்கிறான்: காகித முசுக்கொட்டை. மரப்பட்டையிலிருந்து காகிதம் செய்யும் வித்தையை கி.பி. 105இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி சக்கரவர்த்திக்குக் காட்டினார். காகித முசுக்கொட்டையின் பட்டையைத்தான் சீனமும் ஜப்பானும் நூற்றாண்டுக் கணக்கில் கூழாக்கிக் காகிதமாக ஊற்றின. அதன் பழத்தைச் சீன வைத்தியர்கள் கண் மங்கலுக்கும் இடுப்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். ஏலமலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் உண்டா? பட்டா எழுதக் காகிதம். காயெடுக்கக் குனிகிறவர்களுக்கு இடுப்பு. விளம்பரத்தில் 2 இருக்கிறதா என்று படிக்கிறவர்களுக்குக் கண். ஆனால் நமக்கு வாய்த்தது பலா. பழம் தின்னலாம், பட்டா வராது.

சுத்தியல்

ஏகபோகம் போய், திறந்த ஏலம் வந்து, 2007இல் கணினியும் வந்தது. இப்போது கூச்சல் கிடையாது. வியாபாரிகள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரி கைக்குக் கை போகும். பச்சை எப்படி, பருமன் எப்படி என்று உருட்டிப் பார்த்துவிட்டுப் பொத்தானைத் தட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் வருஷத்து உழைப்பு தும்மல் நேரத்தில் விலையாகிவிடும். 2019 ஆகஸ்ட்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த வாரம் பாயசத்தில் ஏலக்காயை மிதக்க விட்ட வீட்டை ஊரே சந்தேகமாகப் பார்த்திருக்கும். பிறகு விலை வழக்கம்போல மலையிறங்கியது.

விலையை ஆட்டி வைக்கிற பெரிய கை கடல் தாண்டி இருக்கிறது. 1914இல் ஆஸ்கர் மாயுஸ் குளோஃபர் என்ற ஜெர்மன் தோட்டக்காரர் ஏலத்தைக் குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோய்க் கோபான் பக்கம் நட்டார். இன்று ஏற்றுமதியில் முதல் இடம் அந்த நாட்டுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சமையலில் ஏலக்காய்க்கு இடமே இல்லை. விளைவிக்கிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள், அரபு நாட்டுக் காப்பிக்கு அனுப்புகிறார்கள். ருசிகூடப் பார்க்காமல் நம்மைத் தோற்கடித்திருக்கிறார்கள்.

பேர் விஷயத்தில் ஒரே ஒரு தடவை நியாயம் நடந்தது. 1980களின் கடைசியில் கட்டப்பனைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று, எந்தச் செடியில் தேனீ அதிகம் மொய்க்கிறது, எதில் காய் கூடப் பிடிக்கிறது என்று தோட்டத்திலேயே கவனித்து ஒரு வழுக்கை ரகத்தைப் பொறுக்கி எடுத்தது. விளைச்சல் பழைய ரகங்களைவிடப் பல மடங்கு. அந்த ரகம் ஏலமலை முழுக்கப் பரவியது. அதற்கு அந்த வீட்டுப் பேரே நிலைத்தது: ஞள்ளானி. லண்டன் டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஆனால் பேர் இருந்தால் பழியும் உண்டு. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் ஏலக்காயில் பூச்சிமருந்து இருப்பதாகப் பரிசோதனையில் சொல்லி, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் சன்னிதானத்தில் தேங்கி நின்றது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது; அதற்குள் பாயசம் பாயசமாக இல்லை. அரிசியும் வெல்லமும் நெய்யுமாகக் கொதித்த அண்டாவில் ஏலம் ஒரு கைப்பிடிதான். தலைப்புச் செய்தியில் அரிசி வந்ததா? வெல்லம் வந்ததா? சுகத்தில் பேர் வாங்கியவன் கேஸிலும் பேர் வாங்கித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு தடவை சுக்கு சந்தோஷமாக ‘முதலியன’வுக்குள்ளேயே இருந்திருக்கும்.

சாயங்காலம் வண்டன்மேட்டுக் கடைத்தெருவில் நின்றால் ஜீப்புகள் இறங்குவதைப் பார்க்கலாம். விடியற்காலையில் கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து தூக்குவாளியோடு மேலே வந்த பெண்கள். பகல் முழுக்க ஒவ்வொரு தூராகக் குத்தவைத்து, விளைந்த காய் எது, இளங்காய் எது என்று விரலாலேயே பிரித்து எடுத்தவர்கள். ஒரு தோட்டத்தில் ஒரு தடவை காயெடுத்து முடித்தால், நாற்பது நாள் கழித்து அதே செடி மறுபடி காயோடு காத்திருக்கும். ஜீப்பில் பெட்டி நிறைய அடுக்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சேலையிலிருந்து ஏலக்காய் வாசனை ரோடு முழுக்க வந்தது.

ஒரு ஜீப் டீக்கடை முன்னால் நின்றது. வயதான ஒரு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “தம்பி, சுக்குக் காப்பி இருக்கா?” என்று கேட்டார். கடைக்காரர் ஏழெட்டு கிளாஸைக் கழுவி வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

நானும் என் வெறும் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “அண்ணே, எனக்கும் அதே.”